காது கேட்கிறது, மனம் தவறவிடுகிறது: வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வண்டி வருவதைப் பல இடங்களில் ஹாரன்தான் சொல்லும். அங்கே ஹெட்போன் மாட்டிப் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஹாரன் காதுக்கு எட்டும், ஆனால் கவனம் வேறொன்றில் மாட்டியிருந்தால் பதியாமல் போகலாம். இதைச் சோதிக்க லேப்டாப், ஒலியைப் பதிந்து வெட்ட உதவும் இலவச ஆடாசிட்டி மென்பொருள், ஹெட்போன் போதும்.

முதலில் க, ச, ட, த, ப, வ, ம ஆகியவற்றை ஒரே குரலில் தனித்தனியாகப் பதியுங்கள். சேலத்தில் அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் வீடு என்றால் தறி ஓடாத நேரமாகப் பாருங்கள். பின்னணியில் தறிச் சத்தம் விழுந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

அடுத்து, ஒவ்வொன்றையும் 100 மில்லி விநாடிக்கு வெட்டுங்கள். எழுத்தின் தலையில் கை வைக்காமல் வாலை மட்டும் நறுக்குங்கள். தலை போனால் ‘ட’வும் ‘த’வும் ஒன்றுபோலக் கேட்கும்.

‘ம’ தவிர்த்த ஒலிகளைத் திரும்பத் திரும்ப எடுத்து, 15 ஒலிகளை இடைவெளியின்றிக் கோத்தால் ஒன்றரை விநாடி வரிசை. அதில் 4, 5, 6-ஆம் இடங்களில் ஏதாவது ஒரு ஒலிக்கு மட்டும் சுருதியை நன்றாக உயர்த்துங்கள். ‘ம’ சில வரிசைகளில் அதிலிருந்து 200 மில்லி விநாடி கழித்து வரட்டும், சிலவற்றில் 800. சிலவற்றில் ‘ம’வே வேண்டாம். ஊகித்துச் சொல்பவர் அதில் மாட்டிக்கொள்வார்.

சரி, இனி ஆள் பிடியுங்கள். ஒரு சுற்றில் ஒரே கேள்வி: ‘ம’ வந்ததா? இன்னொரு சுற்றில் அதே ஒலிகள், கேள்வி இரண்டு: உயர்ந்த சுருதியில் வந்த எழுத்து எது, ‘ம’ வந்ததா? பாதிப் பேருக்குச் சுற்றுகளை முன்பின்னாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தையும் கவனத்தையும் பிரிக்க முடியாது.

கணக்கில் கறாராக இருங்கள். இரட்டைக் கேள்விச் சுற்றில், உயர்ந்த எழுத்தைச் சரியாகச் சொன்ன வரிசைகளை மட்டும் எடுத்து ‘ம’ எத்தனை முறை பிடிபட்டது என்று எண்ணுங்கள். 200-இல் அது குறைந்து 800-இல் மீள வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. 1992-இல் உளவியல் ஆய்வாளர்கள் ரேமண்ட், ஷபீரோ, ஆர்னெல் மூவரும் திரையில் வேகமாக ஓடிய எழுத்துகளில் இதைக் கண்டு ‘கவனச் சிமிட்டல்’ என்று பெயரிட்டார்கள். ஒலியில் இது மெலிதாகவும் தெரியலாம், அதனால் ஒருவரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று. 2005-இல் ஆலிவர்ஸ், நியூவென்ஹூயிஸ் நடத்திய திரைச் சோதனையில், பின்னணியில் இசை கேட்டவர்களுக்குச் சிமிட்டல் குறைந்தது! நம் சோதனையில் பாட்டுப் போட்டால் எழுத்துகளை மூடிவிடும். அதனால் இசைக்குப் பதிலாக, மூன்றாவது சுற்றில் அதே இரண்டு கேள்விகளோடு, வாரக் கடைசியில் எங்கே போகலாம் என்று யோசித்தபடியே கேட்கச் சொல்லிப் பாருங்கள்.