லாஜிஸ்டிக்கலி வேறு, லாஜிக்கலி வேறு

அலுவலக மின்னஞ்சல்களில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். பொருளே மாறிவிடுகிறது. லாஜிக்கலி என்றால் தர்க்கப்படி. லாஜிஸ்டிக்கலி என்றால் ஆள், வண்டி, சரக்கு, நேரம், தங்குமிடம் என்று ஏற்பாடுகளைப் பொறுத்தவரை.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கும்பகோணத்தில் முகூர்த்தம், அன்று மாலையே சென்னையில் வரவேற்பு. தர்க்கப்படி தவறே இல்லை. எல்லாம் ஒரே நாளில் முடியும். ஆனால் இடையில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரண்டு பஸ் நிறைய சொந்தக்காரர்கள், சீர்வரிசைப் பாத்திரங்கள், சக்கர நாற்காலியில் பாட்டி, வழியில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. இந்த இடத்தில்தான் ‘இட் இஸ் லாஜிஸ்டிக்கலி டிஃபிகல்ட்’ என்று சொல்ல வேண்டும். யோசனையில் குறையில்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சிக்கல் என்று அர்த்தம்.

லாஜிஸ்டிக்கலி பெரும்பாலும் டிஃபிகல்ட், பாசிபிள், காம்ப்ளெக்ஸ் போன்ற சொற்களுக்கு முன்னால் வரும். வாக்கியத்தின் தொடக்கத்தில் போட்டால் அதற்கு அடுத்து ஒரு கமா வையுங்கள். லாஜிஸ்டிக்ஸ் என்பது முதலில் படைத்துறைச் சொல்லாகத்தான் பரவியது. படைகளை நகர்த்துவது, தங்கவைப்பது, உணவும் ஆயுதமும் போய்ச் சேரச் செய்வது எல்லாம் அதில் அடக்கம். இதை மனதில் வைத்தால் குழப்பமே வராது.

அப்புறம் எழுத்துக்கூட்டல். கடைசியில் வெறும் எல்-ஒய் போதாது, ஏ-எல்-எல்-ஒய் வேண்டும். ஆனால் பேசும்போது அந்த ஏ காதில் விழாது: ‘லஜிஸ்டிக்லி’, அழுத்தம் ‘ஜிஸ்’ மேல்.