மார்பு இம்ப்ளான்ட்டை எடுக்கும்போது உறையையும் எடுக்கணுமா? நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

"ஒரு துண்டுகூட உள்ள இருக்கக் கூடாது புள்ள. எல்லாத்தயும் வழிச்சு எடுக்கச் சொல்லு."

ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், கினிகத்தேனை வளைவுகளில் கம்பியைப் பிடித்தபடி அக்கா என் காதுக்குள் சொன்னது இது. பெரியம்மா மகள். டுபாயில் சலூன் ஒன்றில் வேலை செய்த காலத்தில் மார்பில் சிலிக்கோன் இம்ப்ளான்ட், அதாவது ஜெல் நிரப்பிய பை, வைத்துக்கொண்டவள். ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். 14 வருடம் கழித்து இடது பக்கம் இறுகிக் கல்லாகிவிட்டது. இம்ப்ளான்ட்டை எடுத்துவிட வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. அதைச் சுற்றி உடம்பு கட்டி வைத்திருக்கும் தழும்பு உறையை எடுப்பதா விடுவதா என்பதில்தான் மூன்று மாதம் தூக்கம் போனது. அவளோடு அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. முடிவை உங்கள் சேர்ஜனோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரியாமல் போய் உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிடமும் வீண்.

முதலில் உறை என்றால் என்ன என்று பார்ப்போம். விரலில் ஏறிய சிராய் வெளியே வராவிட்டால் அதைச் சுற்றி உடம்பு ஒரு கெட்டியான சதையை வளர்த்து ஒதுக்கி வைக்குமே, அதே வேலைதான். இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரைச் சுற்றியும் இது வரும். டொக்டர்கள் கெப்சூல் என்பார்கள். இம்ப்ளான்ட் வைத்த ஒவ்வொருவருக்கும் இது உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு வரும் சவ்வு அளவுக்குத்தான் இருக்கும். அது நோய் இல்லை, விஷமும் இல்லை. சிலருக்கு மட்டும் தடித்துச் சுருங்கி இம்ப்ளான்ட்டை நெரிக்கத் தொடங்கும். இதை பேக்கர் அளவுகோலில் நான்கு படியாகச் சொல்வார்கள். முதல் படியில் மார்பு மெத்தென்று இருக்கும். இரண்டில் கைக்குக் கொஞ்சம் இறுக்கம் தெரியும். மூன்றில் உருவம் மாறுவது கண்ணுக்கே தெரியும். நான்கில் வலி. அக்காவின் இடது பக்கம் நான்கு. நுவரெலியாவில் தங்கச்சி வீட்டுக்குப் போனால், மாசிப் பனியில் உள்ளே ஐஸ் கட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று இரண்டு சோல்களைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலது பக்கம் இரண்டுகூட இல்லை.

அவள் செய்த முதல் தவறு இங்கேதான். இரண்டு மார்புக்கும் ஒரே முடிவு எடுக்கப் பார்த்தாள். இடது பக்கத்து உறையை எடுக்கக் காரணம் இருந்தது: இறுகியிருந்தது, வலித்தது, எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு படிந்திருப்பதும் தெரிந்தது. வலது பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. "எடுக்கிறதுதான் எடுக்கிறோம், ரெண்டையும் சேத்து எடுத்தா என்ன" என்ற கணக்கு காய்கறிக் கடைக்குச் சரி.

"முழுசா, ஒரே துண்டா" என்று அடம்பிடிப்பது

டுபாய்க் கூட்டாளி ஒருத்தி "என்ப்ளொக்" என்ற சொல்லை அக்காவின் தலையில் ஏற்றிவிட்டாள். இம்ப்ளான்ட்டும் உறையும் திறக்கப்படாமல், சுற்றியுள்ள சதையில் ஒரு விளிம்போடு, ஒரே பொதியாக வெளியே வருவதுதான் அது. புற்றுநோய்க் கட்டியை எடுக்கும் முறையிலிருந்து வந்த சொல். உறையில் புற்றுநோய் உறுதியானவருக்கு அது சரியான ஒப்பரேஷன். மற்றவர்களுக்கு இன்னும் மூன்று வழி உண்டு. இம்ப்ளான்ட்டை மட்டும் எடுத்து உறையை அப்படியே விடலாம், சாதாரண மெல்லிய உறை பெரும்பாலும் தானே சுருங்கி ஒட்டிக்கொள்ளும். உறையில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம். அல்லது முழு உறையையும் துண்டு துண்டாக எடுக்கலாம்.

முழுவதும் எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. வெட்டு நீளமாகும், மயக்கத்தில் இருக்கும் நேரம் கூடும், இரத்தக் கசிவும் நீர் சேர்வதும் கூடும். இம்ப்ளான்ட் தசைக்கு அடியில் இருந்தால் உறையின் பின்சுவர் விலா எலும்பில் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டும்போது நுரையீரலைச் சுற்றிய சவ்வு கிழிந்து காற்றுப் புகுந்துவிடலாம். அதனால்தான் பல சேர்ஜன்கள் பின்சுவரில் ஒட்டிய பகுதியை விட்டுவிடுகிறார்கள். புற்றுநோய்க்காக மார்பை அகற்றி இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு முன்பக்கத்திலும் கவனம் வேண்டும். அங்கே தோல் ஏற்கெனவே மெல்லியது, உறையை உரித்தால் தோலுக்குப் போகும் இரத்தமே குறைந்துவிடலாம்.

மெல்லிய உறை கையில் எடுத்தாலே கிழியும். ஆகவே "கட்டாயம் ஒரே துண்டாகத் தருகிறேன்" என்று ஒப்பரேஷனுக்கு முன்பே சத்தியம் செய்பவரைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கண்டியில் நாங்கள் சேனல் பண்ணிப் பார்த்த டொக்டர் சொன்னது வேறு: "உள்ளே பார்த்துத்தான் சொல்லலாம். எது வரை போகலாம், எங்கே நிற்கணும் என்று இப்பவே பேசி எழுதிக்கொள்வோம்." அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது.

உடம்பு அசதிக்கெல்லாம் உறையைக் குற்றம் சொல்வது

மூட்டு வலி, முடி கொட்டுதல், மறதி, எந்நேரமும் களைப்பு. இம்ப்ளான்ட் வைத்த பெண்கள் பலர் இவற்றைச் சொல்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. எடுத்த பிறகு பலருக்குக் குறையவும் செய்கிறது. ஆனால் 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் இந்த அறிகுறிகளோடு இம்ப்ளான்ட்டை அகற்றிய பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். உறையை ஒரே பொதியாக எடுத்தவர்கள், முழுதாக எடுத்தவர்கள், பாதி எடுத்தவர்கள் என எல்லோருக்கும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். களைப்புக்காக மட்டும் விலா எலும்பு வரை சுரண்டச் சொல்ல இதில் காரணம் இல்லை.

இன்னொன்று. இந்த அறிகுறிகள் இம்ப்ளான்ட்டால்தான் வந்தனவா என்று கண்டுபிடிக்கத் தனி இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆகவே முதலில் தைரொய்டையும் ஹீமோகுளோபினையும் பாருங்கள். மலையகத்துப் பெண்களுக்கு இரத்தச்சோகை புதிய கதையா? அக்காவின் களைப்பில் பாதி இரும்புச்சத்து மாத்திரையில் போனது.

கார்டைத் தொலைப்பது

இம்ப்ளான்ட் வைத்த இடத்தில் ஒரு சிறிய கார்டு தந்திருப்பார்கள். கம்பெனி, அளவு, தொடர் இலக்கம், மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்று எல்லாம் அதில் இருக்கும். உறையைப் பற்றிய முடிவில் பாதி இந்தக் கடைசி விவரத்தில் தொங்குகிறது. சொரசொரப்பான இம்ப்ளான்ட்களோடு சேர்ந்து உறையில் ஓர் அரிய லிம்போமா (நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய்) வருவதுண்டு. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இல் முதலில் இதைப் பற்றி எச்சரித்தது, உலக சுகாதார நிறுவனம் 2016இல் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. 2019 ஜூலையில், எஃப்டிஏ கேட்டுக்கொண்டதன் பேரில், எலர்கன் கம்பெனி தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை இம்ப்ளான்ட்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அறிகுறி இல்லாதவர்கள் அதற்காக ஓடிப்போய் எடுக்கத் தேவையில்லை என்றும் அப்போதே சொன்னார்கள். ஆனால் வேறு காரணத்துக்காக எடுக்கும் நேரத்தில், சொரசொரப்பானது என்றால் உறையையும் எடுப்பது பற்றி டொக்டரோடு தனியாகப் பேச வேண்டும். பிரான்சின் பிஐபி இம்ப்ளான்ட்கள் மருத்துவத் தரமில்லாத சிலிக்கோனை வைத்துச் செய்தவை என்று 2010இல் பிடிபட்டன. உங்களுடையது அதுவா என்று பார்க்கவும் கார்டு வேண்டும்.

அக்காவின் கார்டு டுபாயிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின்னுக்குள், பழைய விசா கொப்பிகளுக்கு அடியில் கிடந்தது. வழவழப்பு. அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

வீக்கத்தைத் தண்ணி என்று வடித்து ஊற்றுவது

இந்தத் தவறுதான் உயிரோடு விளையாடுவது. இம்ப்ளான்ட் வைத்துப் பல வருடம் கழித்து, அடி எதுவும் படாமல் ஒரு மார்பு திடீரென்று வீங்கினால், அந்த லிம்போமாவின் வழக்கமான முதல் அறிகுறி அதுதான். சராசரியாக 8 முதல் 10 வருடம் கழித்து வருகிறது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு நீரை உறிஞ்சி வாளியில் ஊற்றிவிட்டால் வீக்கம் வடியும், ஆதாரமும் வடிந்துபோகும். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பிறகு எடுக்கும் நீர் முழுவதும் லெப்புக்குப் போக வேண்டும், அந்த லிம்போமாவுக்கான "சிடி30" பரிசோதனை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். உறுதியானால் இம்ப்ளான்ட்டும் முழு உறையும் வெளியே வர வேண்டும், அங்கே பாதி என்ற பேச்சே இல்லை. நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலும் அந்த ஒப்பரேஷனோடு குணமாகிவிடும். 2022இல் உறையில் வரும் வேறு புற்றுநோய்கள் பற்றியும் எஃப்டிஏ எச்சரித்தது. அவை மிக அரிது. ஆனால் அவை சொரசொரப்பு, வழவழப்பு என்று பார்ப்பதில்லை. கட்டி, புது வீக்கம், தோல் மாற்றம் எதுவானாலும் காட்டுங்கள்.

இம்ப்ளான்ட் உடைந்து சிலிக்கோன் கசிந்திருந்தாலும் உறையை எடுக்கப் பார்ப்பார்கள், ஜெல் அதற்குள்தானே தேங்கியிருக்கும். கிருமி புகுந்திருந்தாலும் அப்படித்தான்.

மறைப்பது

தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னால் மறுநாள் மலைக்கே தெரிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் எக்ஸ்ரே எடுப்பவரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் மறைக்கக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தையும் சொல்லுங்கள். நிக்கொட்டின் புண்ணை ஆறவிடாது. அக்கா சுருட்டு பிடிப்பதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள், நான்தான் வெற்றிலைப் பையைக் காட்டிக்கொடுத்தேன். அதற்காகவே ஒப்பரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனது.

லெப்புக்கு அனுப்ப மறப்பது

எடுத்த உறையைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்புவதா என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் கையில் இரண்டு போத்தல்களைத் தந்தார்கள். போர்மலினில் வெளிறிய உறைத் துண்டுகள். இடது போத்தலில் இருந்தது தடித்து, காய்ந்த கொறக்காய்ப் புளி மாதிரி. வலதில் ஒரு சின்னத் துண்டு, கண்ணாடித்தாள் போல. இரண்டிலும் லேபலே இல்லை. நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டு "இடது", "வலது" என்று எழுத வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். எழுதியிருக்காவிட்டால் ரிப்போர்ட் எந்தப் பக்கத்துக்கு என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கே டொக்டர் சொன்னார்: இடது பக்கத்தில் பின்சுவரின் ஒரு பகுதி விலா எலும்போடு பிடித்திருந்தது, அதை விட்டுவிட்டேன். வலதில் சந்தேகத்துக்கு ஒரு துண்டு எடுத்துவிட்டு மிச்சத்தைத் தொடவில்லை. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "நீ ஒழுங்கா சொல்லியிருக்க மாட்ட." விலாவில் இருந்து நீர் வடிக்கும் குழாயும் போத்தலும் தொங்க, அவளை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றுவது நடக்காத காரியம். இதையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். உறையை எடுத்தால் அந்தக் குழாய் சில நாள் இருக்கும். நாங்கள் பேராதனையில் தெரிந்தவர் வீட்டில் ஒரு வாரம் தங்கி, குழாயைக் கழற்றிய பிறகுதான் மலை ஏறினோம். கொழுந்துக்கூடையைச் சுமப்பவர்கள், தேயிலைப் பெட்டி தூக்குபவர்கள் வேலைக்குத் திரும்பும் நாளைத் தாங்களே கணக்குப் போடாமல் டொக்டரிடம் கேட்டு லீவுத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. இரண்டு பக்கமும் சாதாரணத் தழும்புச் சதை, வேறொன்றும் இல்லை. எங்கே என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒப்பரேஷன் குறிப்பில் டொக்டரை எழுதச் சொல்லி அதன் பிரதியையும் வாங்கினோம். நாளைக்கு ஸ்கேனில் அந்தத் தழும்பு தெரிந்தால், பார்ப்பவர் புதுக் கட்டி என்று பயந்துவிடக் கூடாது அல்லவா. இப்போது குறிப்பும் ரிப்போர்ட்டும் கார்டும் அதே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. போன மாதம் பெண்களைப் பரிசோதிக்கும் அரசாங்கச் சுவநாரி கிளினிக்குக்குப் போகும்போது டின்னையே தூக்கிக்கொண்டு போனாள்.