கதைக்களம்: ஒரு குருகிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்

கதை எழுதத் தொடங்குகிறவர்கள் பலர் "அழகான கிராமம், மாலை நேரம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு உடனே ஆட்களைப் பேசவிடுகிறார்கள். களம் அதோடு முடிந்துவிடுகிறது. தொல்காப்பியமோ நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்' என்றே அழைக்கிறது. அந்தப் பெயரை நான் அப்படியே நம்புகிறேன்: இடமும் நேரமும் அமையாமல் கதை அசையாது.

படி 1: ஒரு சிறிய கதையைப் பிரித்துப் பாருங்கள்

கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாட்டு ஐந்தே அடி. திருமணம் தள்ளிப்போகிறது, தலைவி தோழியிடம் கலங்குகிறாள். அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் அங்கே இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு நினைவுக்கு வருகிறது: ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி ஒரு குருகு (கொக்கு போன்ற நீர்ப்பறவை) நின்றது. அதன் சிறிய பசுங்கால்கள் தினையின் தாளைப் போல இருந்தன.

கதைமாந்தர்: அவள், அவன், கேட்கும் தோழி. சிக்கல்: வாக்குக்குச் சாட்சி இல்லை. சொல்பவள்: தலைவியே, அதனால் அவளுடைய அச்சம் நேராக நம்மிடம் வருகிறது.

படி 2: களம் என்ன செய்கிறது என்று கேளுங்கள்

இங்கே நிதானமாக நில்லுங்கள். அந்தக் குருகு அழகுக்காக நிற்கவில்லை. அதுதான் ஒரே சாட்சி. ஆனால் அதன் கண் மீன்மேல் இருந்தது, பார்த்திருந்தாலும் பேசாது. தினைத்தாள் என்ற ஒரே உவமையில் மலைநிலம் முழுவதும் வந்துவிடுகிறது. நீரும் ஓடிக்கொண்டிருக்கிறது, அன்று பார்த்த நீர் இன்று அங்கே இருக்காது என்று எனக்குத் தோன்றும். இதே சந்திப்பு ஊர்த் தெருவில் நடந்திருந்தால் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். அவளுடைய சிக்கலே இருந்திருக்காது.

படி 3: உங்கள் இடத்துக்குப் பட்டியல் போடுங்கள்

நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடை, மாதத் தொடக்கம், காலை பத்து மணி. உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்று அந்த இடத்துக்கே உரியவற்றைத் தொல்காப்பியம் கருப்பொருள் என்கிறது. (இன்று கதையின் மையக் கருத்தையும் அதே சொல்லால் குறிக்கிறோம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அதே வழியில் எழுதுங்கள்: சாக்கு மூட்டை, எடைத் தராசு, சிந்திய அரிசியைக் கொத்தும் காகம், விரல்ரேகைக் கருவி, வரிசையில் இடம்பிடிக்க வைத்த பை. பத்தாவது வரும்வரை நிறுத்தாதீர்கள். முதல் மூன்று எல்லோருக்கும் தோன்றும்.

படி 4: ஓர் ஆளையும் ஓர் ஆசையையும் உள்ளே விடுங்கள்

வரிசையில் ஒரு பாட்டி நிற்கிறார். அரிசி வாங்கிக்கொண்டு பேரன் பள்ளியிலிருந்து வருவதற்குள் வீடு திரும்ப வேண்டும். இப்போது பட்டியலில் உள்ள ஒரு பொருளை அவருக்குக் குறுக்கே வையுங்கள். பல வருடம் வீட்டு வேலையில் பாத்திரம் தேய்த்து ரேகை மங்கிய விரல் அது; கருவி ஏற்க மறுக்கிறது. அவருடைய முழு வாழ்க்கையும் அந்த விரலில் தெரிகிறது. முன்கதை என்று தனியாக ஒரு பத்தி தேவையில்லை.

படி 5: களத்தை மாற்றிச் சோதியுங்கள்

எழுதியதை ஒரு நாள் கழித்து எடுங்கள். ரேஷன் கடையை அடித்துவிட்டு மளிகைக்கடை என்று எழுதிப் படியுங்கள். கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு அரிசியைக் கொடுத்துவிடுவார். கதை அங்கேயே நின்றுபோகும். அப்படி நின்றால் களம் வேலை செய்கிறது. எதுவும் மாறாமல் ஓடினால், படி 3இன் பட்டியலுக்குத் திரும்பி வேறு பொருளை எடுங்கள்.