வாசலில் வந்து “மரத்தை இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்” என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்: ரொறன்ரோவில் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு

ரொறன்ரோவில் வீடு வாங்கப் போகிறவருக்குப் புத்தி சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. கூரை எத்தனை வருடம் பழையது, ஃபர்னஸை எப்போது மாற்றினார்கள், பேஸ்மென்டில் ஈரம் கசிகிறதா, பக்கத்துப் பள்ளிக்கூடம் எப்படி என்று எல்லாம் சொல்லித் தருவார்கள். வளவில் நிற்கும் மரத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வீட்டைப் பரிசோதிக்க வரும் இன்ஸ்பெக்டரும் பொதுவாக அதை அண்ணாந்து பார்ப்பதில்லை, அது அவருடைய வேலையும் அல்ல. ஆனால் வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளிலேயே அந்த மரத்தின் பொறுப்பும் உங்கள் தலையில் ஏறிவிடுகிறது.

இலங்கையில், நம் ஊரில், பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் தறிப்பதற்கு அனுமதி வேண்டும். மரம் தறித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1951ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கிராம சேவகரிடம் போய், பிரதேச செயலகத்துக்கு அலைந்து கடிதம் வாங்கியவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். வேம்பையோ பூவரசையோ சொந்த வளவுக்குள் வெட்ட நாம் யாரையும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் மாட்டிக்கொள்வோம். ரொறன்ரோ மாநகர எல்லைக்குள், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் விட்டம் 30 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள எந்தத் தனியார் மரத்தையும் அனுமதியின்றி வெட்டக் கூடாது, காயப்படுத்தவும் கூடாது. விட்டத்தை அளக்கக் கருவி தேவையில்லை. துணி தைக்கும் நாடாவை மரத்தைச் சுற்றிப் பிடியுங்கள், சுற்றளவு 94 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது பாதுகாக்கப்பட்ட மரம். பக்கத்து மார்க்கம் நகரத்தில் விதி இன்னும் இறுக்கம், அங்கே விட்டம் 20 சென்டிமீட்டர். பிக்கரிங், ஏஜக்ஸ், பிரம்ப்டன் என்று போகிறவர்கள் அந்தந்த நகரசபையின் விதியைப் பாருங்கள். ரொறன்ரோவில் சட்டத்தை மீறினால் அபராதம் ஒரு மரத்துக்குக் குறைந்தது 500 டொலர், கூடியது ஒரு லட்சம் டொலர் வரை போகலாம்.

முன்வாசலில் வீதியோரம் நிற்கும் மரம் பெரும்பாலும் உங்களுடையதே அல்ல. நீங்கள் புல் வெட்டுகிற நிலத்திலேயே ஒரு பகுதி மாநகரசபைக்குச் சொந்தமான வீதி ஒதுக்கீடு. அங்கே நிற்கும் மரம் எவ்வளவு சிறியதானாலும் அதில் கை வைக்கக் கூடாது. மாநகரசபையின் 311 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சொன்னால் நகரத்தின் ஆட்களே வந்து பார்ப்பார்கள், அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இனி என் நண்பருக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

ஸ்காபரோவில் வீடு வாங்கினார். பின்வளவில் பெரிய நார்வே மேப்பிள் ஒன்று. டச்சு எல்ம் நோயில் எல்ம் மரங்கள் செத்துப்போனபின் இந்த நகரத்தில் அள்ளி நட்ட மரம் அது, பழைய ஸ்காபரோ வீடுகளில் அடிக்கடி பார்க்கலாம். கோடை முழுவதும் நண்பரின் தாயார் அதன் நிழலில் நாற்காலி போட்டுக் கீரை ஆய்வார். அடுக்குமாடியில் எட்டு மாடி உயரத்தில் அடைபட்டுக் கிடந்த அந்த அம்மாவுக்கு, மண்ணில் கால் வைத்து இருக்கக் கிடைத்த முதல் இடம் அதுதான். ஆகஸ்ட் மாதம் இலைகளில் கறுப்புத் திட்டுகள் வந்தன. உருக்கிய தாரைத் தெளித்ததுபோலப் பளபளப்பாக, விரலால் தடவினால் சற்றே தடித்திருக்கும் திட்டுகள். நண்பர் பயந்துபோனார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் கதவைத் தட்டினார். மஞ்சள் மேலங்கி, கையில் அட்டை, பேச்சில் அக்கறை. “இந்தத் தெருவில் மரங்களை இலவசமாகப் பரிசோதிக்கிறோம்” என்றார். அடிமரத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். ஓர் இலையைப் பிய்த்துக் காட்டி, நோய் உள்ளே இறங்கிவிட்டது, அடுத்த காற்றுக்கு மரம் கூரையில் விழும், விழுந்தால் காப்புறுதி நிறுவனம் ஒரு சதமும் தராது என்றார். இது வெளிநாட்டு மரம், இதற்கு அனுமதி எதுவும் தேவையில்லை என்றும் சொன்னார். மறுநாள் வேறு வீட்டுக்கு இயந்திரம் வருகிறது, அதே பயணத்தில் முடித்தால் பாதி விலை, காசாகத் தர வேண்டும் என்றார். அடுத்த நாள் மாலைக்குள் மரம் போய்விட்டது.

அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை நிற்காது. அந்தக் கறுப்புத் திட்டு ஒரு பூஞ்சை. மேப்பிள் இலைகளில் கோடையின் நடுவில் தொடங்கி இலையுதிர் காலம்வரை இருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், இலை சற்று முந்தி உதிரும், அவ்வளவுதான். மரத்தைக் கொல்லாது. விழுந்த இலைகளைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டி அனுப்பினால் அடுத்த வருடம் குறையும். நார்வே மேப்பிள் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது உண்மைதான், ஆனால் ரொறன்ரோவின் சட்டம் எந்த நாட்டு மரம் என்று பார்ப்பதில்லை, பருமனைத்தான் பார்க்கிறது. வெட்டியபின் அந்த அடிக்கட்டையை நானே போய்ப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுவரை வெண்மையாக, உக்கல் இல்லாமல், ஒரு பொந்துகூட இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அயலவர் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். அதிகாரி வந்து அடிக்கட்டையைக் குறுக்கே அளந்து படம் எடுத்தார். வெட்டியவரின் தொலைபேசி எண் வேலை செய்யவில்லை, ரசீதும் கிடையாது. சட்டத்தின் முன் நின்றவர் வீட்டுக்காரர். அபராதம், வழக்கறிஞர் செலவு, பதிலுக்கு மரம் நடும் செலவு எல்லாம் அவருடைய தலையில் விழுந்தன. அந்தப் பணத்தைவிட, தாயார் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டதைத்தான் அவர் அதிகம் சொல்லி வருந்துகிறார்.

ஆகவே முதலில் மனதில் பதிக்க வேண்டியது இது: மரத்தைப் பரிசோதிப்பவரும் மரத்தை வெட்டிக் காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பரிசோதனைக்குத் தனியாகக் காசு கொடுங்கள். சில நூறு டொலர் செலவாகும், அதைக் கண்டு நாம் தயங்குகிறோம். கூரைக்கும் கம்பளத்துக்கும் யோசிக்காமல் செலவழிக்கிறவர்கள், மரத்தைப் பார்த்துச் சொல்வதற்கு எதற்குக் காசு என்று கேட்கிறார்கள். காசு வாங்காமல் பார்க்க வருபவர் வெட்டுக்கூலியில் அதை எடுத்துவிடுவார்.

ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு நிபுணர், என்று யார் வேண்டுமானாலும் அட்டை அடித்துக்கொள்ளலாம். ஒன்ராறியோவில் அது கட்டாயச் சான்றிதழ் வேண்டிய தொழில் அல்ல. எனவே சான்று இருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். ஐ.எஸ்.ஏ. என்ற சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் தேர்வு வைத்துச் சான்றளிக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, அதை அச்சங்கத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். மரம் விழுமா என்பதுதான் உங்கள் கவலை என்றால், அதே சங்கம் தரும் ‘டிராக்’ என்ற அபாய மதிப்பீட்டுத் தகுதி உள்ளவரைத் தேடுங்கள். பொறுப்புக் காப்புறுதிப் பத்திரத்தையும், வேலையில் காயப்படும் ஆட்களுக்கான காப்புறுதி வாரியமான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் அனுமதிக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பவரை அனுப்பிவிடுங்கள்.

உண்மையான பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போலியை வாசலிலேயே அடையாளம் காணலாம். நல்லவர் இலையில் தொடங்க மாட்டார், மண்ணில் தொடங்குவார். அடிமரம் வேராக விரியும் இடம் வெளியே தெரிகிறதா, மண்ணைக் குவித்து மூடிவிட்டார்களா என்று குனிந்து பார்ப்பார். நார்வே மேப்பிளில் ஒரு வேர் மற்றவற்றைச் சுற்றி வளைத்து அடிமரத்தையே நெரிப்பது சகஜம், அதைத் தேடுவார். அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார். மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டிச் சத்தம் கேட்பார், பொந்து இருந்தால் சத்தம் மாறும். இரண்டு பெரிய கொப்புகள் ஒடுங்கிப் பிரியும் கவட்டில் பட்டை உள்ளே மடிந்து அகப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார், பெருங்காற்றில் பிளப்பது பெரும்பாலும் அந்த இடம்தான். பிறகு தூர நின்று தொலைநோக்கியால் உச்சியைப் பார்ப்பார். சந்தேகம் தீரவில்லை என்றால், மெல்லிய ஊசியைச் செலுத்தியோ ஒலி அலையை அனுப்பியோ உட்புறத்தை அளக்கும் கருவிகள் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். கடைசியில் மரத்தின் இனம், விட்டம், நிலை, படங்கள், பரிந்துரை எல்லாம் அடங்கிய எழுத்து அறிக்கை உங்கள் கைக்கு வர வேண்டும். மாநகரசபை கேட்பதும் அந்த அறிக்கையைத்தான். மரம் செத்துவிட்டது, அல்லது உடனே விழும் நிலையில் இருக்கிறது என்றால் விதிவிலக்கு உண்டு, ஆனால் அதையும் வெட்டுவதற்கு முன்பே காட்டி ஒப்புதல் பெற வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. “உச்சியை வெட்டிவிட்டால் போதும்” என்று சொல்பவரை உள்ளே விடாதீர்கள். முருங்கையை ஒடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பூவரசும் கிளுவையும் எத்தனை தரம் வெட்டினாலும் தழைத்து வரும். மேப்பிள் அப்படிப்பட்டதல்ல. வெட்டிய மொட்டையிலிருந்து உக்கல் உள்ளே இறங்கும், புதிதாக வரும் கொப்புகள் பிடிமானமில்லாமல் முறியும்.

ஆஷ் மரம் இருந்தால் மட்டும் தாமதிக்கவே வேண்டாம். எமரல்ட் ஆஷ் போரர் என்ற, ஆஷ் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு 2002இல் டெட்ராய்ட், வின்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, 2007இல் ரொறன்ரோவுக்கும் வந்துவிட்டது. பட்டைக்குள் புழுக்கள் வளைந்து வளைந்து தின்று மரத்தின் சாறோட்டத்தை நிறுத்திவிடும். உச்சி காய்வது, அடியில் திடீரெனத் தளிர் வெடிப்பது, மரங்கொத்தி பட்டையைக் கொத்தி உரிப்பது, ஆங்கில ‘D’ எழுத்தின் வடிவில் சின்னத் துளைகள் தெரிவது ஆகியவை அடையாளம். இவை கண்ணுக்குத் தெரியும்போது வண்டு வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். செத்த ஆஷ் சீக்கிரமே நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும், ஏறுவதற்கு ஆள் மறுப்பார்கள், செலவும் கூடும். முந்திக்கொண்டால் மரத்தைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது. இங்கே அடிமரத்தில் ஊசியாக ஏற்றும் அந்த மருந்து, நம் வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின்தான். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோடையில் ஏற்றுவார்கள். வேப்பிலையைப் புத்தகத்துக்குள்ளும் நெல்லுக்குள்ளும் போட்டுவைத்த நம் பாட்டிமார் இதைக் கேட்டால் பெருமைப்பட்டிருப்பார்கள்.

வேலி ஓரத்து மரம் வேறு கதை. வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருந்த குடும்பங்கள் நம் ஊரில் உண்டு, இங்கேயும் அது தொடர வேண்டாம். அடிமரம் எல்லைக்கோட்டில் நின்றால், ஒன்ராறியோவின் வனச் சட்டப்படி அது இரு வீட்டாருக்கும் பொது. அடுத்தவர் சம்மதமில்லாமல் வெட்டுவது குற்றம். ரொறன்ரோவில் இரு அயலவர்கள் இப்படி ஒரு மேப்பிளுக்காக நீதிமன்றம் போய், 2013இல் அது பொது மரம்தான் என்று தீர்ப்பாகியது. பரிசோதனை அறிக்கையின் பிரதியை அயலவருக்கும் கொடுத்துப் பேசுங்கள், செலவையும் பகிர்ந்துகொள்ளலாம்.

நம்மவர்கள் வீடு வாங்கியதும் செய்கிற முதல் வேலை டிரைவ்வேயை அகலமாக்கி இன்டர்லொக் கல் பதிப்பது. இதிலும் கவனம் தேவை. வேரை வெட்டுவதும், வேருக்கு மேல் மண்ணை இறுக்குவதும் சட்டத்தில் காயப்படுத்தல்தான். விட்டம் 30 முதல் 40 சென்டிமீட்டர் உள்ள மரத்துக்கு, அடிமரத்திலிருந்து 2.4 மீட்டர் தூரத்துக்குள் தோண்டவோ கல் பதிக்கவோ முன் நகரத்தின் அனுமதி வேண்டும். கல் பதிப்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

புதிதாக வந்து பேஸ்மென்டில் இருக்கும் தம்பிமாருக்கும் ஒன்று. காசு வேலை என்று மரம் வெட்டக் கூப்பிடுவார்கள். கயிறும் பயிற்சியும் காப்புறுதியும் இல்லாமல் ஏறாதீர்கள். விழுந்தால் கூப்பிட்டவர் உங்கள் பெயரே தெரியாது என்பார். தென்னை ஏறிய அனுபவத்தை நம்பி இங்கே சங்கிலி வாளோடு ஏற முடியாது.

வீட்டு வாசலில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் பயந்து ஒடுங்க வேண்டாம். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் வைத்துக் கையெழுத்தான 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பிரதி கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருக்காமல் எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வாளோடு வந்து நின்றால் கேற்றைத் திறக்காதீர்கள்.