மாதவிலக்கு வந்தும் முட்டை வெளிவராத சுழற்சி: கண்டறியும் முறையும் அடுத்துச் செய்ய வேண்டியதும்

மாதந்தோறும் உதிரப்போக்கு இருப்பதாலேயே சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருகிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் திசு புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும். கரு தங்காவிட்டால் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அந்தச் சுரப்பு வற்றி, கர்ப்பப்பையின் உட்சுவர் உரிந்து மாதவிலக்காக வெளியேறும். முட்டை வெளிவராத சுழற்சியிலோ ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மட்டுமே உட்சுவரைத் தடிக்கச் செய்துகொண்டிருக்க, ஒரு கட்டத்தில் அது ஒழுங்கின்றி உதிரத் தொடங்குகிறது. பார்வைக்கு இதுவும் மாதவிலக்கு போலவே இருக்கும். ஆனால் அந்தச் சுழற்சியில் கருத்தரிக்க வழியில்லை. எப்போதாவது ஒருமுறை இப்படி நேர்வது யாருக்கும் உண்டு. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளிலும், தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும், மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும் இது இயல்பானதே. மற்ற காலங்களில் அடிக்கடி நேர்ந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

முதலில் மூன்று நான்கு மாதங்களுக்கு உதிரப்போக்கு தொடங்கும் நாளைக் காலண்டரில் குறித்து வாருங்கள். இடைவெளி 21 முதல் 35 நாட்களுக்குள் இருந்து, மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாமலும் இருந்தால், முட்டை வெளிவருவதற்கான வாய்ப்பே அதிகம். நாற்பது நாள், அறுபது நாள் என்று தள்ளிப்போவதும், பிறகு நிற்காமல் பல நாட்கள் உதிரம் படுவதும் சந்தேகத்துக்கு இடமளிப்பவை. சுழற்சியின் நடுப்பகுதியில் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, விரல்களுக்கிடையே இழுத்தால் நூலாக நீளும் கசிவு தெரிகிறதா என்பதையும் கவனிக்கலாம். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் உடல் வெப்பநிலையைக் குறித்து வந்தால், முட்டை வெளிவந்த பின் அது சுமார் அரை டிகிரி ஃபாரன்ஹீட் கூடி, அடுத்த மாதவிலக்கு வரை அப்படியே நிற்பதைக் காணலாம். இது நடந்து முடிந்ததைத்தான் காட்டும். வரப்போகும் நாளை முன்கூட்டிச் சொல்லாது. மருந்துக்கடையில் கிடைக்கும் முட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைக் கண்டறியும் சிறுநீர்ப் பட்டை ஓரிரு நாள் முன்பே காட்டிவிடும் என்றாலும், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் ஹார்மோன் கோளாறு) உள்ள பலருக்கு அந்த ஹார்மோன் எப்போதும் கூடுதலாக இருப்பதால் பட்டை பொய்யான நம்பிக்கையைத் தந்துவிடக்கூடும்.

உறுதிப்படுத்த விரும்பினால் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்க்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். "21ஆம் நாள் டெஸ்ட்" என்று எழுதிக் கொடுப்பது 28 நாள் சுழற்சி உள்ளவருக்கே பொருந்தும். அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாட்களுக்கு முன் எடுக்க வேண்டும் என்பதே கணக்கு. 35 நாள் சுழற்சி உள்ளவர் 28ஆம் நாளில் எடுப்பதே சரி. அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று கொள்ளலாம். தவறான நாளில் எடுத்த குறைந்த அளவை வைத்து முட்டையே வரவில்லை என்று கலங்குவது வீண். ஃபாலிகுலர் ஸ்டடி எனப்படும் தொடர் ஸ்கேனில், இரு சினைப்பைகளிலும் உள்ள முட்டைப்பைகளின் அளவும் உட்சுவரின் தடிமனும் மில்லிமீட்டரில் நாள்வாரியாகப் பதிவாகும். ஒரு பை 18 மில்லிமீட்டரைத் தாண்டி வளர்ந்து, அடுத்த ஸ்கேனில் சுருங்கியிருந்தால் முட்டை வெளிவந்துவிட்டது என்று பொருள். எல்லாமே 8, 9 என்ற அளவிலேயே தேங்கி நின்றால் அந்தச் சுழற்சி வெறுமையாகப் போகிறது.

காரணங்களில் முதலிடம் பிசிஓஎஸ்ஸுக்கே. அதில் ஸ்கேனில் நீர்க்கட்டிகளாகத் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகளே; அவற்றை அறுத்து எடுக்க வேண்டியதில்லை. தைராய்டு கோளாறு, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் மிகுதி, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி, திடீர் எடைக்குறைவு ஆகியவையும் முட்டை வெளிவருவதை நிறுத்தும். எனவே டிஎஸ்எச் (தைராய்டு நிலையைக் காட்டுவது), புரோலாக்டின், எஃப்எஸ்எச் (முட்டைப்பையை வளரச் செய்யும் ஹார்மோன்) பரிசோதனைகளைக் கேட்டுப் பெறுங்கள். தைராய்டைச் சரிசெய்ததுமே சுழற்சி சீராகிவிடுவது உண்டு. பிசிஓஎஸ்ஸோடு உடல் எடையும் கூடியிருந்தால், அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும். அது போதாதபோது மருத்துவர் பெரும்பாலும் முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையைத் தொடங்குவார். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்குக் குளோமிஃபீன் என்ற பழைய மாத்திரையைவிட இதுவே அதிகக் குழந்தைப் பிறப்புகளைத் தந்தது. இவற்றைத் தானாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. மாத்திரை தொடங்குமுன் கணவரின் விந்தணுப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் பெண்ணை மட்டும் மருத்துவமனைக்கு அலையவைத்து, எளிய இந்த ஒன்றை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

35 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டும் அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதமும் முயன்றபின் மருத்துவரை அணுகலாம் என்பது பொது விதி. சுழற்சி ஒழுங்கற்றவர்கள் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்களும் மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு தள்ளிப்போனால், முதலில் கர்ப்பமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மருத்துவரைப் பார்க்க வேண்டும். புரோஜெஸ்டிரோன் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும் உட்சுவர் பிற்காலத்தில் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கக்கூடும் என்பதால், அதை அவ்வப்போது மருந்து கொடுத்து உதிரச் செய்வார்கள். எந்த மாதம் முட்டை வெளிவரும் என்று சொல்ல முடியாத இவர்களுக்கும் கருத்தடை முறை அவசியம்.