மலையகத்துக்குச் சேவைப் பயணமா? சேலத்திலேயே நடந்துவிடும் தவறுகள்

சேலத்து மாணவர்களின் கைக்காசுக்கு எட்டுகிற வெளிநாடு இலங்கைதான். திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகக் கொழும்பு. அங்கிருந்து மலையேறினால் ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று தேயிலை விளையும் மலையகம். தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசியே சமாளிக்கலாம். ஆலயப் பங்கின் இளைஞர் குழுவோ கல்லூரி ஜெபக்குழுவோ ‘வெளிநாட்டில் பத்து நாள் சேவை’ என்று பேசத் தொடங்கினால் அந்தப் பேச்சு மலையகத்தில் வந்து நிற்பது இதனால்தான். பக்கத்து ஊர், நம்ம பாஷை என்ற நினைப்பிலேயே ஆயத்தத்தில் பாதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே போய் இறங்கிய பிறகு செய்யும் தவறுகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மூன்று மாதம் முன்னாலேயே, ஞாயிறு பூசை முடிந்து வராந்தாவில் நடக்கும் கூட்டத்தில் முடிவாகிவிடுகிறது.

முதல் தவறு வரிசையில் இருக்கிறது. தேதி குறிப்பார்கள், டிக்கெட் போடுவார்கள், ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள், நோட்டுப் புத்தகம் சேகரிப்பார்கள். கடைசியாகத்தான் அங்குள்ள ஃபாதருக்கோ சிஸ்டருக்கோ போன் போகும்: “நாங்க இருபது பேர் வர்றோம், என்ன வேலை இருக்கு?” வீட்டுக்கு வருகிறேன் என்பவர்களிடம் யார்தான் முகத்துக்கு நேராக வேண்டாம் என்பார்கள்? வாங்க என்றுதான் சொல்வார்கள். பிறகு இவர்களுக்காக ஒரு வேலையை உண்டாக்க வேண்டியிருக்கும். பெயின்ட் அடித்த சுவருக்கு மறுபடி பெயின்ட் விழுவது அப்படித்தான். முதல் போனிலேயே மூன்று கேள்வி கேட்டுவிட வேண்டும்: எங்களால் ஆகக்கூடிய வேலை ஏதாவது உண்டா, எத்தனை பேர் வந்தால் உங்களுக்குச் சுமையாக இருக்காது, எந்த மாதத்தில் வரக்கூடாது. “வர வேண்டாம், அந்தச் செலவில் மாலை வகுப்புக்கு ஒரு ஆசிரியரைப் போட்டுத் தாங்க” என்று பதில் வந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் மனசும் வேண்டும். அதுவும் சேவைதான். செல்ஃபி கிடைக்காது, அவ்வளவுதான்.

எந்த மாதம் என்ற கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நமக்கு லீவு மே மாதம். சேலம் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரம். மே கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. மண்சரிவில் பாதை அடைபடுவது அந்த மலைகளில் புதிதில்லை. பௌத்தர்களின் வெசாக் பண்டிகையும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாளா என்று பார்க்காமல் போனால், யாருமில்லாத வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வரலாம். மழைக்காலம் என்றால் இரத்தம் உறிஞ்சும் அட்டையும் உண்டு, கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகப் பழகிக்கொள்ளுங்கள். குளிர் விஷயத்தில் ‘நாங்க ஏற்காடு பார்த்தவங்க’ என்ற வீறாப்பும் வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நுவரெலியா 1,868.

அடுத்தது பொருள் மூட்டை. நன்கொடை கேட்கும்போது “அங்கே பிள்ளைகளுக்கு ஒண்ணுமே இல்லை” என்று சொன்னால் கைக்குக் காசு சீக்கிரம் வரும். ஆனால் அது உண்மையில்லை. இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருக்கிறது. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசே தருகிறது. தோட்டப் பள்ளிகள் பல காலம் பின்தங்கிக் கிடந்ததும், கணிதம், அறிவியல், ஆங்கிலம் நடத்த ஆளில்லாமல் இன்றும் தவிப்பதும் உண்மை. ஆனால் அந்தக் குறை நம் நோட்டுப் புத்தகத்தால் தீராது. நம் பாடத்திட்டப் புத்தகங்களைக் கட்டித் தூக்கிப் போவது வீண் சுமை. மே மாதம் என்பதால் இன்னொரு ஆசை வரும், சேலம் மாம்பழம். பழமோ விதையோ செடியோ அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஒரு பெட்டி மல்கோவா கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக் குப்பைக்குப் போவதைப் பார்க்க எந்தச் சேலத்துக்காரருக்கும் மனசு வராது. ஏற்காட்டுக் காப்பிப் பொடி வாங்கிப் போங்கள், ஆனால் காப்பி நாற்று வேண்டாம்.

காகிதத்தில் நடக்கும் தவறுகள்

நம் ஆட்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். மார்க் ஷீட்டில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக. டிக்கெட்டிலும் விசா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒரே ஆள் இருபது பேருக்கும் வாட்ஸ்அப்பில் வந்த பெயரை நம்பி டிக்கெட் போடும்போதுதான் கோளாறு நடக்கிறது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படத்தை வாங்கி, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுப்பவர்களுக்குச் சேலம் தபால் நிலைய சேவை மையத்திலேயே விண்ணப்ப வேலை முடிந்துவிடும், காலம் இழுப்பது போலீஸ் விசாரணைதான். தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகள் சேலத்து விடுதி முகவரியைக் கொடுத்துவிட்டு லீவுக்கு ஊருக்குப் போய்விட்டால், விசாரணைக்கு வருகிறவர் யாரைப் பார்ப்பார்?

விசாவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். சுற்றுலா விசா என்பது சுற்றிப் பார்க்க. சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான், அதற்கு அந்த விசாவில் இடமில்லை. மதப் பிரசங்கத்துக்கும் அப்படியே. “நாங்க சும்மா ரெண்டு பாட்டு பாடி, ஒரு சாட்சி சொல்லிட்டு வர்றோம், இதுக்கு என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏதாவது பிரச்சினை என்றால் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். அழைத்த ஆலயப் பங்குதான் அங்கேயே இருந்து பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதை உள்ளபடி எழுதி, அழைக்கும் மறைமாவட்டத்தின், அதாவது ஆயர் நிர்வாகத்தின், கடிதத்தோடு, எந்த வகை விசா தேவை என்று இலங்கைத் தூதரகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே டிக்கெட். விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் போன வருடம் போனவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

‘நம்ம ஜனங்கதானே’

இதுதான் நுணுக்கமான இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அதனால் நம் பிள்ளைகள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று “நீங்களும் எங்க ஊர்தான்” என்று அன்பாகத்தான் சொல்வார்கள். கேட்பவருக்கு அது வேறு மாதிரி விழலாம். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானவர்களை இங்கே அனுப்பிவைத்தது. குடும்பங்கள் பிரிந்தன. ‘நீ இந்த நாட்டு ஆள் இல்லை’ என்று பல தலைமுறை கேட்டவர்கள் அவர்கள். 2023இல் மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டு என்று நினைவுகூர்ந்தபோது அவர்கள் சொன்னது, நாங்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்பதைத்தான். அவர்களிடம் போய் நாம் ஊர் உறவு கொண்டாடுவதற்கு முன் இந்த வரலாற்றை ஒரு மாலையாவது உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி ஊர் எது என்று அவர்களாகவே பேச்செடுத்தால் அது வேறு விஷயம், நேரம் போவதே தெரியாது.

தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டத்தைப் பார்ப்பது அரிது. டியூஷனுக்கு வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஜெபம் சொல்ல வைப்பதும், மிட்டாயோடு சேர்த்துத் துண்டுப் பிரசுரம் கொடுப்பதும் கூடவே கூடாது. நம் விசுவாசம் நாம் எழுந்து பாத்திரம் கழுவுவதில் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. இதை எங்கள் பக்கத்திலேயே ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாடியும் இருக்கிறேன். சிங்கள ஊர்களைக் கடக்கும்போது புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிக் கூட்டிப் போங்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆலய வாசலில் பையைச் சோதித்தால் முகம் சுளிக்கவும் வேண்டாம்.

தோட்டம் பெரும்பாலும் தனியார் நிர்வாகத்தில் இருக்கும். தோட்டத்து மேலாளரான துரையிடம் அனுமதி வாங்காமல் லயத்துக்குள் இருபது பேர் நுழைவது நம் ஏற்காட்டு எஸ்டேட் கேட்டைத் தாண்டிக் குதிப்பதற்குச் சமம். பகல் பதினொரு மணிக்குத் தாய்மார் கூட்டம் போடுவதும் தவறு. பறித்த கொழுந்தின் நிறுவை (எடை) குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். நம் கைத்தட்டலுக்காக அவர்கள் கூலியை இழக்கலாமா? கூட்டம் என்றால் மாலையில், சுருக்கமாக.

பிள்ளைகளைப் படம் எடுப்பது பற்றி ஒரே விதி போதும்: பள்ளியும் பெற்றோரும் சம்மதிக்காமல் எந்த முகமும் ஸ்டேட்டஸில் வரக்கூடாது. எந்த மாணவரும் ஒரு குழந்தையோடு தனி அறையில் இருக்கக் கூடாது. “அடுத்த வருஷம் வர்றேன், சைக்கிள் வாங்கித் தர்றேன்” என்ற வாக்குறுதியும் கூடாது. குழந்தைகள் அதை மறக்காமல் எதிர்பார்த்திருப்பார்கள்.

உடம்பு, பணம் பற்றிச் சுருக்கமாக. சொந்த மருந்தைச் சீட்டோடு கொண்டுபோங்கள், ஊருக்கு மாத்திரை கொடுக்கும் வேலை மாணவருடையது இல்லை. காப்பீடு எடுங்கள். அங்கே ஆம்புலன்ஸுக்கு 1990, போலீஸுக்கு 119. கண்டியில் இந்திய உதவித் தூதரகம் இருக்கிறது, அதன் எண் குழுத் தலைவரிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும் இருக்கட்டும். நன்கொடை முழுவதையும் நோட்டாக ஒருவர் பையில் கட்டாதீர்கள். வெளிநாட்டு நோட்டாக ஒருவர் எடுத்துப்போக 3,000 டாலர் வரம்பு உண்டு, மிச்சத்தை ஃபாரெக்ஸ் கார்டில் போட வேண்டும்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு குழுவை ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில், நாகலூர் பக்கமோ வெள்ளக்கடை பக்கமோ, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு நாள் தங்க வையுங்கள். போன் கிடையாது, மேடை கிடையாது, ஊர் சொல்கிற வேலை மட்டும். யார் பொதுக் கழிப்பறையைக் கண்டு முகம் சுளிக்கிறார், யார் அரை மணிக்கொரு தரம் போனைத் தேடுகிறார், யார் வாய் ஓயாமல் உபதேசம் செய்கிறார் என்பதெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதற்குள் தெரிந்துவிடும். சிலரை அப்போதே நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். டிக்கெட் போடுவதற்கு முன் இதைச் செய்ய முடிந்தால் பணமும் மிச்சம், மனத்தாங்கலும் குறைவு.