லிஸ்ற்றை ஒட்டப்போய் றாமைத் தின்னக் குடுக்காதேங்கோ

இரணைமடுப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக்கு நெல்லு மூட்டைக் கணக்கைப் பிறின்ற் எடுக்க பைதன் எண்ட கணினி மொழியில சின்னதா ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தனான், மூட்டைக்கு ஒரு வரி, லாப்டொப் பழசு, 4 ஜிபி றாம்தான், காலபோக அறுவடை முடிஞ்சு வரி கூடக்கூட மெசின் சேத்துக்க இறங்கின லான்ட்மாஸ்டர் மாதிரி இழுக்கத் தொடங்கீற்று. "அண்ணை, றாம் கூட்டுவமே" எண்டான் அங்க நிண்ட தம்பி. பிழை என்னில. திரும்பத் திரும்ப ஓடுற லூப்புக்க ஒவ்வொரு வரியையும் முந்தினதோட சேர்க்கிற += போட்டு ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்.

பைதனில ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துக் கோர்வையை, செய்தாப் பிறகு மாத்தேலாது. அதால ஒட்டுறது எண்டா புதுசா ஒண்டு செய்து பழசை முழுக்கக் கொப்பி பண்ணுறது, அதாவது புது மூட்டை ஒண்டு வர, அடுக்கின எல்லாத்தையும் இறக்கித் திரும்ப அடுக்கிற வேலை. 20,000 வரி, வரிக்கு 50 எழுத்து எண்டு வையுங்கோ: கடைசியா வாறது 10 லட்சம் எழுத்து, கொப்பி பண்ணினது கிட்டத்தட்ட 1000 கோடி. என்ர மெசினில வேகமாத்தானே ஓடுது எண்டு சில பேர் சொல்லுவினம். ஓம், ஃபங்ஷனுக்க மட்டும் இருக்கிற லோக்கல் வேரியபிள் எண்டா சீபைதன் (வழமையாப் பாவிக்கிற பைதன்) இருந்த இடத்திலயே நீட்டப் பாக்கும், ஆனா அதையே செல்ஃபுக்க (ஒப்ஜெக்ற் தன்ர தரவை வைச்சிருக்கிற இடம்) கொண்டுபோய் வைச்சா அந்தச் சலுகை இல்லை. நான் வைச்சது அங்கதான்.

வரியளை லிஸ்ற்றில அப்பெண்ட் பண்ணி, அதாவது ஒண்டொண்டாக் கடைசியில சேத்துப்போட்டு, எல்லாத்தையும் ஒட்டுற ஜொயினைக் கடைசியா ஒருக்காப் பண்ணுங்கோ. அது முதல் மொத்த நீளத்தை அளந்து, ஒரே தரத்தில இடம் எடுத்து, பேந்துதான் கொப்பி பண்ணும். ரெண்டு தரம் ஓடவேணும் எண்டபடியா வரியை ஒண்டொண்டா உண்டாக்கித் தாற ஜெனரேற்றரைக் குடுத்தாலும் உள்ளுக்க தானே லிஸ்ற் ஆக்கிப்போடும், மெமரி மிச்சம் எண்டு நினைக்காதேங்கோ. மிச்சம் பிடிக்கிறதெண்டா ஸ்ட்ரிங்கே செய்யாம வரி வரியா ஃபைலில எழுதுங்கோ. வரியளை ஃபைலில எழுதுற ரைட்லைன்ஸ் தானா அடுத்த வரி போடாது, நான் ஒருக்கா முழுக் கணக்கையும் ஒரே வரியில எடுத்தனான்.

லிஸ்ற் எண்டு நினைச்சு ஜொயினுக்கு வெறும் ஸ்ட்ரிங்கைக் குடுக்கிறது அடுத்த பிழை. எரர் ஒண்டும் வராது. "முறிகண்டி" எண்ட ஒரு பேரைக் கமா போட்டு ஜொயின் பண்ணினா "ம,ு,ற,ி,க,ண,்,ட,ி" எண்டு வரும், எங்களுக்கு 5 எழுத்து, அதுக்கு 9 துண்டு. இங்கிலிசில எண்டா எழுத்தாவது முழுசா நிக்கும், தமிழில கொம்பும் விசிறியும் தனியத் தொங்கும். கிலோவை எண்ணாவே குடுத்தா டைப் எரர் அடிக்கும், அது நல்லது, உடன தெரியும்.

இமோஜிக் கதை ஆக்களுக்குக் கனக்கத் தெரியாது. 2012இல வந்த பைதன் 3.3க்குப் பிறகு, முழுக்க இங்கிலிஸ் எண்டா எழுத்துக்கு 1 பைற், தமிழ் ஒண்டு கலந்தா எல்லா எழுத்துக்கும் 2, ஆரோ பேருக்குப் பக்கத்தில ஒரு நெற்கதிர் இமோஜி போட்டா முழு ஸ்ட்ரிங்கும் 4. வரியாப் பிரிஞ்சிருக்கேக்க அந்த வரி மட்டும்தான் பெருக்கும், ஒட்டினா எல்லாம் சேந்து பெருக்கும்.

கமா போட்டு ஒட்டி சீஎஸ்வி (கமாவால நிரல் பிரிக்கிற ஃபைல்) எண்டு குடுக்கவும் வேண்டாம். விலாசத்துக்க "கனகாம்பிகைக்குளம், கிளிநொச்சி" எண்டு கமா வர நிரல் ஒண்டு தள்ளிப்போய், போன் நம்பர் கிலோவுக்க வந்து நிண்டது. கூட்டத்தில வாசிக்கேக்க ஒராள் 77 கோடி கிலோ நெல்லுக் குடுத்திருக்கிறார். சீஎஸ்வி மொடியூல் பைதனோடயே வருது, அதைப் பாவியுங்கோ.